தளபதி எந்தக் கப்பலில் இருப்பார்?

ஐயா, வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் முப்படைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “மிஸ், கடற்படைத் தளபதி எந்தக் கப்பலில் இருப்பார்?” என்று கேட்டாள். “இருக்கிறதிலேயே பெரிய கப்பலில்” என்று சொல்லிச் சமாளித்தேன். உட்காராமல் அடுத்ததையும் கேட்டாள்: “நான் ஆக முடியுமா மிஸ்?” நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தரைப்படைக்கு 1949இலேயே இந்தியர் தலைமைக்கு வந்துவிட்டார். கடற்படையில் மட்டும் 1958 வரை வெள்ளைக்காரர்களே இருந்திருக்கிறார்கள். ஏன்? இதற்கிடையில் வாட்ஸப்பில் சோழர் கடற்படைப் பதவிகள் என்று ஒரு பட்டியல் வேறு வந்தது. தளபதியில் தொடங்கிக் கடைசி மாலுமி வரை, இன்றைய பதவிகளோடு அப்படியே பொருந்துகிற மாதிரி. அதை வகுப்பில் சொல்லலாமா? கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்கிறேன். உங்கள் சித்தப்பா கடற்படையில் இருந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியம்தான்.

அன்புடன்,
ஆர்., குடியாத்தம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாணவி கேட்டதையே நானும் சின்ன வயதில் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். விசாகப்பட்டினத்திலிருந்து லீவில் வந்து காட்பாடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சிரித்துவிட்டு, “அவருக்கு ஏதுடா கப்பல்? டெல்லியில ஆபீஸ் ரூம்ல இருக்காரு” என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். வெள்ளை உடுப்பும் தொலைநோக்கியுமாக அலைக்கு நடுவே நிற்கிற ஒருவரை நான் நினைத்து வைத்திருந்தேன்.

சித்தப்பா சொன்னதுதான் சரி. ஒரு கப்பல் அதன் கேப்டனுடையது. கப்பல் கூட்டத்துக்கு ஒரு ரியர் அட்மிரல். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி என மூன்று பெரிய கட்டளையகங்களுக்கும் தலா ஒரு வைஸ் அட்மிரல். அவர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிற அட்மிரலுக்குக் கப்பல் கிடையாது. படிப்படியாகக் கப்பல்களை நடத்தித்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார். வந்த அன்று கடல் கைவிட்டுப் போகிறது. அதிகபட்சம் மூன்று வருஷம், அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அதுவரை கோப்புகளும் கூட்டங்களும்தான். சித்தப்பா தன் பதினைந்து வருஷ சர்வீஸில் தளபதியை இரண்டே முறைதான் பார்த்தாராம், இரண்டு முறையும் மேடையில், வெகு தூரத்தில். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மரத்துக்கு, கல்லுக்கு, சுவருக்கு என்று இவர்கள் சுண்ணாம்பு அடித்ததுதான் நன்றாக நினைவிருக்கிறது என்பார்.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழும் ஒரு காரணம். 1955 வரை அந்தப் பதவிக்குக் ‘கமாண்டர் இன் சீஃப்’ என்று பெயர். அந்த ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு மூன்று படைகளிலும் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ‘சீஃப் ஆஃப் த நேவல் ஸ்டாஃப்’ என்பதுபோல மாற்றியது. முன்னது படையை நடத்துகிறவர் என்ற பொருள் தருவது. பின்னது அரசுக்கு ஆலோசனை சொல்லி, தலைமையகத்தை நடத்துகிறவர் என்பது. அரசியல் சட்டப்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. கட்டளையிடும் பெருமை சீருடைக்காரர் ஒருவரின் பட்டத்தில் இருக்க வேண்டாம் என்று புதுக் குடியரசு நினைத்தது. நாமோ இரண்டையும் ‘தளபதி’ என்றே எழுதிவிடுகிறோம், அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1948இல் உங்கள் மாணவி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ‘டெல்லி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம், இரண்டு விதத்தில் சரியாக இருந்திருக்கும். அந்த ஆண்டு தளபதியாக வந்தவர் எட்வர்ட் பாரி. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மன் போர்க்கப்பலோடு நடந்த சண்டையில் அக்கிலீஸ் என்ற கப்பலின் கேப்டனாக இருந்து காயம் பட்டவர். அதே அக்கிலீஸை 1948இல் இந்தியா வாங்கி ‘டெல்லி’ என்று பெயர் வைத்தது. தான் ஓட்டிய பழைய கப்பலே தன் புதிய படையின் முதன்மைக் கப்பலாக வந்து நிற்க, அதில் ஏறாமல் டெல்லி என்ற ஊரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

சரி, கப்பல் இல்லாமல் அப்படி என்னதான் செய்கிறார்? 1971ஐப் பாருங்கள். தளபதி எஸ்.எம். நந்தா, கராச்சித் துறைமுகத்து மனோரா தீவில் வளர்ந்தவர். 1965 போரில் கடற்படையின் கை கட்டப்பட்டிருந்தது, பாகிஸ்தான் கப்பல்கள் வந்து துவாரகையைக் குண்டு வீசித் தாக்கிவிட்டுப் போயின. அந்த வடு ஆறவில்லை. அதனால் நந்தா முன்கூட்டியே இந்திரா காந்தியிடம் போய், கராச்சியைத் தாக்கினால் அரசியல் ரீதியாக ஆட்சேபணை உண்டா என்று கேட்டு வைத்துக்கொண்டார். போர் என்று வந்தால் போர்தான் என்ற பொருளில் பதில் வந்தது. டிசம்பர் 4 இரவு நிர்காட், நிபாட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு முன்னால் போய் நின்று அடித்தன. துறைமுகக் காவலுக்கென்று சோவியத்திலிருந்து வாங்கிய சின்னப் படகுகள் அவை. அவ்வளவு தூரம் ஓட எரிபொருள் தாங்காது என்பதால் பெரிய கப்பல்களில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். முன்னின்று நடத்தியவர் பப்ருபான் யாதவ் என்ற கமாண்டர். நந்தா டெல்லியில் இருந்தார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் முன்பே கேட்டு வைக்காமல் போயிருந்தால், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4ஐக் கடற்படை நாள் என்று கொண்டாட நமக்குக் காரணம் இருந்திருக்காது.

போர் இல்லாத காலத்தில் அந்த வேலை இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. கொச்சியில் புதிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கு 2009 பிப்ரவரியில் அடித்தளம் போட்டபோது தளபதி சுரீஷ் மேத்தா. 2022 செப்டம்பரில் கப்பல் படையில் சேர்ந்தபோது ஹரிகுமார். இருவரையும் சேர்த்து எண்ணினால் ஏழு தளபதிகள். கேட்கிறவர் ஒருவர், சண்டை போட்டுப் பணம் வாங்குகிறவர் ஒருவர், ரிப்பன் வெட்டும்போது பக்கத்தில் நிற்கிறவர் வேறொருவர்.

இதற்குக் கொச்சி வரைகூடப் போக வேண்டாம். நம் பழைய வட ஆற்காட்டிலேயே மிதக்காத கப்பல் ஒன்று இருக்கிறது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி. கரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் சூட்டுவது கடற்படை வழக்கம். தளத்தின் வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போவதைக்கூடச் சித்தப்பா ‘கரைக்குப் போறது’ என்றுதான் சொல்வார். ராஜாளியை 1992 மார்ச்சில் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். அன்றைய தளபதி எல். ராமதாஸ், மும்பை மாதுங்காவில் பிறந்த தமிழர். நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள அதன் ஓடுபாதையிலிருந்து டியூ-142 என்ற ராட்சத ரஷ்ய விமானங்கள் 2017 மார்ச் வரை வங்காள விரிகுடாவைச் சுற்றி வந்தன. அந்தச் சத்தத்தை அரக்கோணத்துக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். அவற்றின் இடத்துக்கு வந்த பி-8ஐ விமானங்களுக்கு 2009 ஜனவரியில் ஒப்பந்தம், 2013இல்தான் முதல் விமானம் இறங்கியது. நடுவில் தளபதி நாற்காலி இரண்டு முறை கைமாறிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்களும் இங்கிருந்துதான் பறந்தன. ‘கடலே இல்லாத ஊர்’ என்று நீங்கள் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது, அதனால்தான் இவ்வளவு நீட்டிவிட்டேன்.

அப்புறம், வேலூர்க்காரர்களுக்குத் தலைமைத் தளபதி என்றால் முதலில் ஞாபகம் வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு: சர் ஜான் கிராடக். தரைப்படைக்காரர். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து, புதுத் தலைப்பாகை கட்டு, நெற்றிக்குறியை அழி, தாடியை மழி, கடுக்கனைக் கழற்று என்று உத்தரவு போட்டவர். விளைவு, 1806 ஜூலை 10 விடியற்காலை நம் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சி. மக்கான் நினைவுத் தூணைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். அன்று கிராடக் வேலூரில் இல்லை, ஆனால் பதவி போனது அவருக்கு. ஆளுநர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 140 வருஷம் கழித்து, 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். மோசமான சோறும், அதிகாரியின் வாயில் வந்த வசையும்தான் தொடக்கம். அப்போதைய தளபதி காட்ஃப்ரே வானொலியில் பேசி, கடற்படையே அழிந்தாலும் அடக்கியே தீருவோம் என்ற தொனியில் மிரட்டினார். வேலூர்ப் பாடத்தை அவர் படித்திருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த நாற்காலியின் உண்மையான கனம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பல் அவர் கையில் இல்லை, கப்பலுக்கு ஏதாவது ஆனால் பதில் அவரிடம் இருக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னா என்ற இன்னொரு நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு வருஷத்துக்கு மேல் பதவிக்காலம் மிச்சமிருந்தது. மேலே இருந்த அரசியல்வாதிகள் யாரும் அசையவில்லை. 1998 டிசம்பரில் விஷ்ணு பகவத் நீக்கப்பட்டது வேறு கதை. அரசு நியமித்த துணைத் தளபதி ஒருவரை ஏற்க மறுத்ததில் முற்றிய தகராறு அது. அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் இரண்டு கட்சி உண்டு. அரசு சொல்லைத் தட்டினால் தளபதியும் வீட்டுக்குப் போவார் என்பது மட்டும் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

இனி உங்கள் 1958 கேள்வி. ஓர் அட்மிரல் உருவாக முப்பது வருஷமாவது ஆகும். 1949இல் தரைப்படைத் தலைமைக்கு வந்த கரியப்பா 1919இலேயே அதிகாரி. கடற்படையில் முதல் இந்திய அதிகாரி டி.என். முகர்ஜி சேர்ந்ததே 1928இல், அதுவும் இன்ஜின் பிரிவில். கதவை அவ்வளவு தாமதமாகத் திறந்தவர்களே, பிறகு ‘உங்களில் அனுபவசாலி யாருமில்லையே’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1958 ஏப்ரல் 22 அன்று முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற ராம் தாஸ் கட்டாரி பிறந்தது நம் பக்கத்துச் செங்கல்பட்டில். டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் தொகுதி மாணவர். தளபதியானபோது வயது 46. அவர் கடைசிவரை வைஸ் அட்மிரல்தான். முழு அட்மிரல் என்ற நான்கு நட்சத்திரம் 1968இல் ஏ.கே. சாட்டர்ஜிக்குத்தான் முதலில் கிடைத்தது. கட்டாரியின் மகளை மணந்தவர்தான் மேலே சொன்ன ராமதாஸ். மாமனாரும் மருமகனும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், முப்பது வருஷ இடைவெளியில்.

வாட்ஸப் பட்டியலை வகுப்பில் சொல்ல வேண்டாம். ராஜேந்திர சோழனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, கடல் படையெடுப்புக்கு வரும்போது ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி ஸ்ரீவிஜயம் முதல் கடாரம் வரை ஊர் ஊராக அடுக்குகிறது. அதில் ‘தலைத்தக்கோலம்’ என்று ஒன்றும் வரும், நம் அரக்கோணத்துத் தக்கோலம் இல்லை, கடல் கடந்தது. இவ்வளவு ஊர் சொன்னவன் கலங்களை நடத்திப் போன தலைவன் பெயரைச் சொல்லவில்லை. செலுத்தியவன் அரசன், அவ்வளவுதான். இன்றைய பதவிகளுக்கு அச்சாகப் பொருந்துகிற பட்டியல் என்றாலே இன்றைக்கு எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். படைத்தலைவனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும் என்றால், 949இல் நம் தக்கோலத்தில் படையின் முன்னால் நின்று யானை மேலேயே உயிர் விட்ட சோழ இளவரசன் ராஜாதித்தனைச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் தலைமை அப்படி. இந்தக் காலத்துத் தலைமை ஏன் டெல்லியில் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கடைசியாக அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்வி. முடியும். ராமதாஸ் தளபதியாக இருந்த 1992இல்தான் கடற்படை பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்கள் சேர்ந்தது 2022இல், அந்த முதல் அணி படிப்பை முடித்தது 2025 மே மாதம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் எடுத்துக்கொண்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தளபதி நாற்காலி, கப்பலை நடத்தும் நிர்வாகப் பிரிவுக்காரர்களுக்கே கிடைப்பது வழக்கம், எனவே அந்தப் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். ஹரிகுமார் 1983இல் அதிகாரியாகி 2021இல் தளபதியானார். அந்தக் கணக்கில் இவள் முறை வரும்போது 2070ஐத் தாண்டிவிடும். நானும் நீங்களும் இருக்க மாட்டோம். இப்போதைக்குப் பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று சாக்குச் சொல்லாமல், உங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர் நிற்கிற கிணறு ஒன்று பார்த்து, வீட்டுப் பெரியவர்கள் துணையோடு அவளை நீச்சல் பழகச் சொல்லுங்கள்.

அன்புடன்