ஓட்டமும் ஊர் வேலையும்

கேள்வி: கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் ஓடும் சிறு குழு நாங்கள். இருபது பேர் போல இருப்போம். வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தோடு ஏதாவது ஊர் வேலையும் செய்யலாமே என்று நான் சொல்லப்போக, குழு இரண்டாகிவிட்டது. டிசம்பர் மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் "பயிற்சி கெட்டுப்போகும்" என்கிறார்கள். ஒரு முறை குளக்கரையில் குப்பை பொறுக்கினோம். நிறைய போட்டோ எடுத்தோம். அடுத்த முறை ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் அதிகம். அவர்களுக்கு உதவ ஆசைதான், ஆனால் முன்பின் தெரியாத வீட்டுக்குள் எப்படிப் போவது? ஓட முடியாத என் அக்காவும் குழுவில் சேர வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?
‍– வாசகி, கோவை

பதில்: உங்கள் குழு இரண்டானதற்கு மாரத்தான் காரணமில்லை என்று நினைக்கிறேன். அன்றைக்குக் குளக்கரைக்கு உங்களை யார் கூப்பிட்டார்கள்? இடத்தை நீங்களே பார்த்தீர்கள், வேலையை நீங்களே முடிவு செய்தீர்கள், முடித்துக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டீர்கள். அடுத்த வாரம் நீங்கள் போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அப்புறம் எதற்கு ஒருவர் நாலரை மணிக்கு அலாரம் வைக்கப் போகிறார்? அதனால் வேலையை நீங்கள் தேடாதீர்கள். தேவைப்படுகிறவர் கேட்கட்டும், கேட்டதைச் செய்யுங்கள்.

இந்தச் சூட்சுமத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். 2009-இல் கிழக்கு லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கிய குட்ஜிம் என்ற அமைப்பு அது. ஜிம்மில் நின்ற இடத்திலேயே ஓடி இவ்வளவு சக்தியையும் வீணாக்குவானேன் என்பது அவருடைய எண்ணம். வெளியே நடமாட முடியாத, தனக்குத் தெரிந்த ஒரு முதியவர் வீட்டுக்கு ஓடிப்போவார். செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசியிருந்து, ஓடியே திரும்புவார். இன்று பிரிட்டனில் பல ஊர்களில் அந்த அமைப்பின் குழுக்கள் இருக்கின்றன. எல்லோரும் ஓரிடத்தில் கூடி, சில கிலோமீட்டர் ஓடி, வேலை இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். ஒரு வாரம் பொதுத் தோட்டத்தில் எரு அள்ளிப் போடும் வேலை, இன்னொரு வாரம் உணவு வங்கிக்கு வந்த டப்பாக்களைப் பிரித்து அடுக்கும் வேலை. அரை மணியோ முக்கால் மணியோ செய்துவிட்டுத் திரும்ப ஓட்டம். அந்தந்த இடத்துக்காரர்கள் முன்பே கேட்டுவைத்த வேலைகள்தான் இவை.

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வாரம் தவறாமல் ஒரு பெரியவரை ஓடிப்போய்ப் பார்த்து வருகிறவர்களும் உண்டு. அந்தப் பெரியவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோச்'. தனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் லண்டன் குளிரிலும் ஷூவை மாட்டத்தானே வேண்டும்? ஓட வைக்கிறவர் அவர், ஆகவே அவர்தான் பயிற்சியாளர். உதவி வாங்குகிறோமே என்ற கூச்சமும் அவருக்குப் பாதி குறைந்துவிடும்.

நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-லிருந்து ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவெல்லாம் நடக்கிறார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஆலிவ் ரிட்லி ஆமைகள் இட்ட முட்டைகளை நாய்கள் தோண்டுவதற்கு முன்பே கண்டெடுத்து, பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். மணலில் அவ்வளவு தூரம் நடப்பது சாதாரணப் பயிற்சி இல்லை. ஆனால் உடற்பயிற்சிக்கு என்று அங்கே யாரும் போவதில்லை. ஆமை எப்போது கரையேறுகிறதோ அப்போதுதான் வேலை, நம் வசதிக்கு அது தள்ளிப்போகாது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் நிற்கிறது.

குப்பை பொறுக்கிக்கொண்டே ஓடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2016-இல் சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் ஆரம்பித்து வைத்த இந்தப் பழக்கம் (ப்ளாக்கிங் என்று பெயர்), 2019 அக்டோபரில் பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கியபோது நம் வீடுகளிலும் பேசப்பட்டது. செய்வதானால் மாநகராட்சியின் துப்புரவு ஆய்வாளரிடம் முன்பே சொல்லி, மூட்டைகளை எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் கரையில் கிடந்தது தெருமுனையில் குவியும், அவ்வளவுதான். கனமான கையுறை போடுங்கள். ஊசி, சிரிஞ்சு கண்ணில் பட்டால் தொட வேண்டாம், ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும் திட்டம் 2023-இலேயே வந்தது. குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு டாஸ்மாக் வாசலில் வரிசையில் நிற்கத் தைரியம் இருந்தால் அதையும் பாருங்கள்!

எங்கே கேட்பது? பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் "ஆள் பலம் இல்லாமல் நிற்கிற வேலை ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். பட்டியலே வரும். மரக்கன்று நடக் கூப்பிட்டால் யோசியுங்கள், ஆனால் நட்ட கன்றுக்கு மார்ச் முதல் மே வரை தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். நடுவதற்கு நூறு பேர் வருவார்கள், குடம் தூக்கத்தான் ஆள் வேண்டும். குளத்து வேலைதான் பிடிக்கும் என்றால் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஏற்கெனவே ஞாயிறு காலைகளில் அதைச் செய்கிறது. தனிக் கடை போடாமல் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். போட்டோவைப் பொறுத்தவரை, வேலை முடிந்த இடத்தை வேண்டுமானால் எடுங்கள். ஆட்களை வேண்டாம்.

சரி, பயிற்சி கெடுமா? வைக்கிற நாளைப் பொறுத்தது. வேக ஓட்ட நாளிலோ ஞாயிறு நீண்ட ஓட்டத்திலோ இதைச் சொருகினால் கெடத்தான் செய்யும். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வையுங்கள். 3 கிலோமீட்டர் போக, 40 நிமிடம் வேலை, 3 கிலோமீட்டர் வர. வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வதோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது அந்த இரண்டாவதில்தான். மண்வெட்டி பிடிப்பதும் குடம் சுமப்பதும் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். தூக்கும்போது இடுப்பை முறுக்காமல், முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். மாரத்தானுக்கு முந்தைய இரண்டு வாரம் கடப்பாறை பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் வராதவர்களை விட்டுவிடுங்கள். கோவை மாரத்தானே புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டத்தான் நடக்கிறது. அதில் ஓடுகிறவரைச் சுயநலக்காரர் என்று பேசினால் குழு உடையும்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் அவசரம் கூடாது. குட்ஜிம்மிலேயே தனியாக ஒருவர் வீட்டுக்குப் போகிறவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள். நீங்கள் குடியிருப்போர் சங்கம் மூலமாகவே போங்கள். போகிறவர்களின் அடையாள அட்டை நகல் சங்கத்திடம் இருக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளையிடம் போனில் பேசிச் சம்மதம் வாங்குங்கள். எப்போதும் இரண்டு பேர், அதிலும் அதே இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பல்பு மாற்றுவது, பரணிலிருந்து அண்டாவை இறக்குவது, தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைப்பது, இவை உங்கள் வேலை. ஏடிஎம் கார்டு, ஓடிபி, மாத்திரை அளவு, இவை உங்கள் வேலை இல்லை, அவர்களே கேட்டாலும் இல்லை. கீழே விழுந்து கிடந்தால் பதறித் தூக்காமல் 108-ஐ அழையுங்கள். பையில் மாற்று டி-ஷர்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வியர்வையோடு அவர்கள் சோபாவில் உட்காராதீர்கள். வாரா வாரம் வருவேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், நிச்சயம் முடியும் என்றால் தவிர. ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அக்காவைத் தாராளமாகச் சேருங்கள். 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற கூட்டு ஓட்டம், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தொண்டர் வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார், கடைசி ஆள் என்ற பெயர் வேறு யாருக்கும் வராது. உங்கள் அக்கா நடக்க முடிந்தால் அதைச் செய்யட்டும். முடியாவிட்டால் பஸ்ஸில் நேராக வேலை நடக்கும் இடத்துக்கு வரட்டும். யார் என்ன வேலை கேட்டார்கள், அடுத்த வாரம் யார் வருகிறார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டு அவரிடம் இருக்கட்டும். தலைமையாசிரியருக்கு போன் போடுவதும் அவர் பொறுப்பு. உங்கள் குழுவில் இன்றுவரை ஆள் இல்லாத வேலை அதுதான்.