மூட்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு

அன்பின் எழுத்தாளருக்கு,

உங்கள் நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். மூடுபனிக்குள் கொழுந்தெடுக்கும் கூட்டத்தில் தினமும் ஓர் ஆள் கூடுதலாக நிற்பதும், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் மட்டும் கணக்குச் சரியாக வருவதும் உலுக்கிவிட்டன. ஆனால் நடுவில் ஐந்தாறு அத்தியாயம் ஒரே வெயில். அங்கே மாயம் கலைந்துவிட்டது. கடைசிவரை மூட்டமாகவே விட்டிருக்கக் கூடாதா? நானும் ஒன்று எழுதுகிறேன்: பண்டாரவளைப் பக்கத் தோட்டம், ஜூலை மாதம், மூன்று நாள் விலகாத மூடுபனி, அதற்குள் தோட்டத்துத் தெய்வமான ரோதமுனி. சூழலை இன்னும் கனமாக்க என்ன செய்யலாம்?

வாசகி, தலவாக்கலை

அன்பின் சகோதரிக்கு,

வெயில் அத்தியாயங்கள் இருக்கத்தான் வேண்டும். பத்துப் பக்கம் ஒரே மூட்டம் என்றால் வாசிப்பவர் கண்ணுக்கு அது பழகிவிடும். வெயிலில் ஆட்களை எண்ணிக் கணக்குச் சரி என்று காட்டினால்தான், அடுத்த மூட்டத்தில் வாசகரும் சேர்ந்து எண்ணுவார்.

உங்கள் ஜூலைக்கு வருவோம். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா சரிவுகளிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாவில் இறங்குவது காய்ந்த காற்று. அங்குள்ள தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்தக் காலத்தில்தான். பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையே உள்ள ரயில் சுரங்கத்தில் மழையோடு நுழைந்து வெயிலில் வெளியே வரலாம். பண்டாரவளைக்காரர் உங்கள் மூன்று நாள் மூட்டத்தைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார். டிசம்பருக்கு மாற்றினால் வடகீழ்ப் பருவமழை அந்தப் பக்கத்தை மூடிக்கொடுக்கும். எனக்கென்றால் ஜூலையிலேயே விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் அந்த மூட்டமே அதிசயம் என்று முதலில் திடுக்கிட வேண்டியவர் கங்காணி. மற்றதெல்லாம் வழக்கப்படி நடக்கட்டும். ஒன்றை மட்டும் உடையுங்கள்.

மூட்டத்தில் வகையும் உண்டு. தெளிந்த இரவுக்குப் பிறகு விடியலில் பள்ளத்தில் தேங்குவது ஒன்று. காற்று எழுந்தால் அது கலைந்துவிடும், ஆகவே அதற்குள் கதவு படபடவென்று அடிக்கக் கூடாது. பிற்பகலில் மலைமேல் மேகமே வந்து உட்காருவது இன்னொன்று. அது காற்றோடு வரும், உடுப்பை நனைக்கும். எது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து என்பதைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

‘அடர்ந்த’, ‘மர்மமான’ எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் செடியால் அளந்து காட்டுங்கள். கிளைத் துண்டிலிருந்து வளர்த்த வீபீ தேயிலை நட்ட மலையில் செடிக்குச் செடி 2 அடி, நிரைக்கு நிரை 4 அடி. ஐந்து செடி தெரிகிறது என்றால் பார்வை 10 அடி. அடுத்த பத்தியில் மூன்று செடி. பக்கத்து நிரையில் ஆள் தெரியவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. யாருடைய கை என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

எல்லோரும் எழுதும் அந்த ‘மயான அமைதி’யையும் விட்டுவிடுங்கள். பச்சைக் கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். அதனால் ஃபெக்டரி மேல்மாடியில் விசிறிகள் இரவெல்லாம் இரையும், வாடிய இலையின் மணம் தொழிலாளர் குடியிருக்கும் லயம்வரை வரும். அந்த இரைச்சல் திடீரென நின்றால்தான் இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருப்பவர் எழுந்து உட்காருவார்.

மூட்டம் கூலியிலும் கை வைக்க வேண்டும். ஈரக் கொழுந்து தராசில் ஏறினால் தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோவைக் கழிப்பார்கள். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கும், அட்டை ஏறும். இத்தனையும் இருக்கும் காட்சிக்குள் பேய் வந்தால் அதற்கும் ஒரு நிறை கிடைக்கும். உங்கள் கதையிலும் கூடுதல் ஆள் ஒருவர் நின்றால் அவருடைய கூடையைத் தராசில் வைத்துப் பாருங்கள். முள் அசையாமல் நிற்பதைவிட, மற்றவர்களுக்குக் கழித்த கிலோ அத்தனையும் அதில் சேர்ந்து காட்டினால் எனக்குப் பிடிக்கும்.

ரோதமுனியை மலைக்கு ஏற்ற வேண்டாம். அவர் ஃபெக்டரிச் சக்கரங்களுக்குக் காவல், படையல் வாங்குவதும் அங்கேதான். செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமி இருக்கிறார். எல்லை தாண்டினால் அவர்கள் இருவருக்கும் இடையே என்ன நடக்கும் என்பது தனி நாவல். இதற்குள் திணித்தால் இரண்டும் கெடும்.