தடைக்குப் பிறகும் பாறு கழுகு பெருகாதது ஏன்?

பாறு கழுகைக் கொல்லும் வலி மருந்தான டைக்ளோபினாக்கை 2006இல் கால்நடைக்குத் தடை செய்தும் நீலகிரியின் மாயாற்றுப் பக்கம் பாறு கழுகு பெருகாததற்கு முதல் காரணம், அது ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து கூடு கட்டச் சுமார் ஐந்து ஆண்டு ஆகும்.

அப்புறம், மாற்று மருந்துகள். மாட்டின் உடலுக்குள் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோபினாக்குக்கு 2023இல்தான் தடை வந்தது! ரொம்பத் தாமதம். இந்த மருந்தை ஊசியாகப் போட்ட கொஞ்ச நாளில் செத்த மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகும். அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும்.

உங்கள் ஊரில் மாட்டுக்குப் போடும் ஊசிக் குப்பியின் லேபிளைப் பாருங்கள். மெலாக்சிகாம் என்றிருந்தால் சரி.

ஆனால் எல்லாச் சாவும் மருந்தால் அல்ல. புலி, சிறுத்தைக்காக மாட்டுப் பிணத்தில் விஷம் வைப்பதும் உண்டு. செத்த பாறு கழுகைக் கண்டால் புதைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.