ஆறு தடம் மாறினால் எல்லை யாருக்கு?

தொண்டி வாசகர்: அண்ணே, ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஆறு ஓடினா, எல்லைக்கோடு நட்டநடுவுலதானே?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முதல் கணக்கு. எழுதாமல் விட்டிருந்தால், படகு போகாத ஆற்றில் பொதுவாக நடுக்கோடு. கப்பல் போகிற ஆற்றில் ஆழமான நீர்வழி. இதற்குத் 'தால்வெக்' என்று பெயர், ஜெர்மன் சொல். நாம் கடலில் பாகம் (ஆழ அளவு) பார்க்கிற மாதிரி ஆற்றின் குறுக்கே ஆழம் அளந்து, ஆழமான இடங்களை வரிசையாகச் சேர்த்தால் கோடு கிடைக்கும். அது ஒரு கரையை ஒட்டியே போகலாம். நடுக்கோட்டைப் பிடித்தால் சில இடங்களில் கப்பல் வழி முழுக்க ஒரு நாட்டிடம் போய், மற்றதுக்கு மணல்திட்டுதான் மிஞ்சும்.

பாம்பன் வாசகர்: ஆறு தடம் மாறிட்டா?

எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரு கரையை அரித்து, மறுகரையில் வண்டல் போட்டு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் புதுவழி வெட்டிக்கொண்டு ஓடினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும், அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும். இரண்டும் கலந்து நடந்தால்தான் வம்பு. 1848 ஒப்பந்தம் ரியோ கிராண்டே ஆற்றை அமெரிக்கா, மெக்சிகோ எல்லையாக்கியது. அமெரிக்க நகரமான எல் பாசோ அருகே ஆறு தெற்கே தள்ளிக்கொண்டே போனது. 1864 வெள்ளத்தில் ஒரே தாவல். நடுவில் சிக்கிய சமிசால் நிலம் பற்றி 1911-இல் வந்த நடுவர் தீர்ப்பை அமெரிக்கா ஏற்கவில்லை. 1963-இல்தான் உடன்பாடு. பிறகு ஆற்றைக் கான்கிரீட் வாய்க்காலுக்குள் அடைத்தார்கள். எல்லை அசையாதிருக்க ஆற்றையே கட்டிப்போட்ட கதை!

ஏர்வாடி வாசகி: இந்தியா, நேபாளத் தகராறும் இதே மாதிரிதானா ஐயா?

இல்லையம்மா, அங்கே தகராறு ஆறு எங்கே தொடங்குகிறது என்பதில். 1816 சுகௌலி ஒப்பந்தம் காளி ஆற்றை எல்லை என்றது. எந்த ஓடை காளியின் தலை என்று சொல்லவில்லை. காலாபானி என்ற மலைப்பகுதி யாருக்கு என்ற தகராறு அதில் பிறந்தது.

தேவிபட்டினம் வாசகர்: நம்ம பக்கம் ஆற்றெல்லை இருந்ததா?

சோழ, பாண்டிய நாடுகளுக்கு இடையே தென்வெள்ளாறு.

தங்கச்சிமடம் வாசகர்: அப்ப பாக் நீரிணையில ஆழமான இடந்தான் எல்லையா அண்ணே?

கடலில் அந்தக் கணக்கு இல்லை தம்பி. 1974 இந்தியா, இலங்கை உடன்பாடு அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளைக் குறித்து அவற்றைக் கோட்டால் இணைத்தது. மணல் தீடை (மணல்திட்டு) எங்கே நகர்ந்தாலும் அந்தக் கோடு நகராது. ஜிபிஎஸ்ஸில் புள்ளி ஏற்றும்போது டிகிரி-மினிட் அமைப்பா, தசம டிகிரியா என்று முதலில் பாருங்கள். 9 டிகிரி 30 மினிட்டைத் தசம அமைப்பில் 9.30 என்று அடித்தால் கருவி அதை 9 டிகிரி 18 மினிட்டாக எடுத்துக்கொள்ளும். புள்ளி 12 கடல் மைல் தெற்கே போய்விடும். தசம அமைப்பில் அடிக்க வேண்டியது 9.50.