கேசட் என்னுடையது, கேமை இணையத்தில் ஓட்டலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சின்ன வயதில் வாங்கியதும் எஸ்.பி. ரோட்டில் பிறகு தேடிப் பிடித்ததுமாக நிறைய பழைய வீடியோ கேம் கேசட்டுகள் வைத்திருக்கிறேன். அவற்றைக் கணினிக்கு மாற்றி, பிரவுசரிலேயே விளையாடும்படி இணையதளம் நடத்துகிறேன். டவுன்லோடு பட்டன் கிடையாது. விளம்பரத்தில் மாதம் சில ஆயிரம் வருகிறது. ஏழு நாளில் நீக்கச் சொல்லி, கேம் நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. இழப்பீடு தர ஒப்புக்கொள்ளும் உறுதிமொழியில் கையெழுத்தும் கேட்கிறார்கள். எல்லாம் முப்பது வருஷப் பழசு, இப்போது விற்பனையிலேயே இல்லை. என்ன செய்வது?

பதில்: கேம் ஃபைல்களை இன்றே இறக்கிவிடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். படைத்தவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு. 1985-இல் வந்த கேமுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 2045 முடியும்வரை உரிமை இருக்கும். கடையில் கிடைக்காததால் அது காலாவதியாகாது. ஜப்பான், அமெரிக்கப் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு.

கேசட் வைத்திருப்பவருக்குப் பிரிவு 52(1)(ஏஏ) தரும் சலுகை, தொலைந்தாலோ கெட்டாலோ உதவக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வது, அவ்வளவே. அது உங்கள் வீட்டோடு சரி. எஸ்.பி. ரோட்டுச் சரக்கில், ஒரே கேசட்டில் பல கேம்களை அடைத்த '9999 இன் 1' ரகம் இருந்தால் அதுவே திருட்டுப் பிரதி. அதற்கு இந்தச் சலுகையும் கிடையாது.

டவுன்லோடு பட்டன் இல்லை என்ற வாதம் நிற்காது. உங்கள் தளத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்றால் 40,976 பைட் ஃபைல் முழுசாக வந்து இறங்குவது தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கும் முதல் ஸ்கிரீன்ஷாட் அதுதான்.

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் நிரல், வேறு விஷயம். மற்றவர் நிரலை நகலெடுக்காமல் எழுதிய எமுலேட்டர் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் பிளேஸ்டேஷனின் பயாஸ் ஃபைலை (கன்சோலை இயக்கும் அடிப்படை நிரல்) சேர்த்து வைத்திருந்தால் அதுவும் சோனியின் சொத்து, நீக்குங்கள். பலர் கோட்டைவிடுவது இன்னொன்று: எஸ்நெஸ்9எக்ஸ், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்ற இரண்டு எமுலேட்டர்களின் உரிமமும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. விளம்பரம் ஓடும் பக்கத்தில் அவற்றை வைத்தால் எமுலேட்டர் எழுதியவர்களும் கேள்வி கேட்கலாம்.

இனி பயப்பட வேண்டிய பகுதி. பிரிவு 63-இன் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குக் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம். உங்கள் விளம்பர வருமானம் அந்தக் கதவைக் கிட்டத்தட்ட சாத்திவிடுகிறது. இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, கர்நாடகத்தின் குண்டர் சட்டத்தில் வணிக நோக்கில் பதிப்புரிமை மீறுபவரையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் அளவிலான தளத்துக்கு அதைக் கையிலெடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்தபின் 'தெரியாது' என்று சொல்ல வழியில்லை.

இறக்குவது என்றால் லிங்கை மறைப்பதல்ல. சிடிஎன் கேஷ் (தளம் வேகமாகத் திறக்க வேறு சர்வர்களில் வைக்கப்படும் நகல்), கிளவுட் சேமிப்பு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடக்கும் உங்கள் பக்கம் எல்லாவற்றிலும் போக வேண்டும். அட்டைப் படங்களும் லோகோக்களும் அதோடு போகட்டும். சர்வர் லாக், விளம்பரக் கணக்கு விவரம், வந்த மெயில் ஆகியவற்றை அழிக்காதீர்கள்; நஷ்டஈட்டுக் கணக்கு வந்தால் உங்கள் வருமானம் இவ்வளவுதான் என்று காட்ட வேறு ஆதாரம் கிடையாது.

பதில் நாலு வரி போதும்: குறிப்பிட்ட ஃபைல்கள் இந்தத் தேதியில் நீக்கப்பட்டன, இது எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்வதாகாது, வக்கீலான உங்களுக்கு நிறுவனம் தந்த அதிகாரக் கடிதத்தையும் உரிமை கோரும் கேம்களின் பட்டியலையும் அனுப்புங்கள். போலி நோட்டீஸ் விட்டுப் பணம் பறிப்பவர்களும் உண்டு என்பதால் இந்தக் கடைசி வரியை விடாதீர்கள். மறுபடி ஏற்றமாட்டேன் என்று எழுதித் தரலாம். தொகை குறிப்பிட்ட இழப்பீட்டு வரியை ஒரு வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

தளத்தை மூட வேண்டியதில்லை. விளையாடுபவர் தன் கணினியிலிருக்கும் ஃபைலைத் தானே தேர்ந்தெடுத்து ஓட்டும்படி மாற்றுங்கள். அது உங்கள் சர்வருக்கு வரவே கூடாது. நீங்களாகக் கேம் வைக்க ஆசைப்பட்டால், பழைய கன்சோல்களுக்கென்று இன்றும் புதிதாக எழுதுகிறவர்களிடம் அனுமதி கேளுங்கள். அந்த அனுமதி எழுத்தில் இருக்கட்டும், விளம்பரமுள்ள பக்கம் என்பதும் அதில் வரட்டும்.