லேப்டாப்பை அவளே திறக்கட்டும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் 12-ஆம் வகுப்பு. நவம்பர் 1-ஆம் தேதி ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும் என்ற முன்கூட்டிய முறையில், விண்ணப்பித்தாள். டிசம்பர் நடுவில் முடிவு. சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி ஒரு மணிவரை போனில் யார் யாருக்கு என்ன ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), என்ன எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) ஸ்கோர் என்று பார்க்கிறாள். மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளைத் தொடவே இல்லை. கேட்டால், "இது கிடைச்சுட்டா அதெல்லாம் எதுக்கு?" என்கிறாள். எனக்கும் தூக்கமில்லை. திருச்சியிலிருந்து மாமியார் ஒவ்வொரு வீடியோ காலிலும் "ரிசல்ட் வந்துடுச்சா?" என்கிறார். அட்மிஷன் ஆபீசுக்குப் போன் செய்து விசாரிக்கலாமா என்று கணவர் கேட்கிறார். அவளுக்கு எப்படித் தைரியம் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கணவருக்கு: போன் வேண்டாம். அறிவித்த நாளுக்கு முன்னால் அங்கே யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அப்பா கூப்பிட்டார் என்பதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் வரப்போவதில்லை.

தைரியம் சொல்வது இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தத் தொடாத கட்டுரைகள்தான். தேதிகளைப் பாருங்கள். முடிவு டிசம்பர் நடுவில். பெரும்பாலான கல்லூரிகளின் ரெகுலர், அதாவது வழக்கமான சுற்றுக்கான, கெடு ஜனவரி முதல் வாரத்தில். இடையில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று வாரம். அதில் பள்ளிக்கு வேறு கிறிஸ்துமஸ் விடுமுறை; விண்ணப்பங்களுக்கு உதவும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் ஊரில் இருக்க மாட்டார், பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய ஆசிரியரும் இருக்க மாட்டார். "வேண்டாம்" என்று பதில் வந்த ஒரு பெண்ணை அதே வாரத்தில் உட்காரவைத்து "உங்கள் கல்லூரியை நான் ஏன் விரும்புகிறேன்" என்று ஏழெட்டுக் கட்டுரை எழுதச் சொல்வது கொடுமை. அவள் எழுதுவாள்தான், ஆனால் அந்தக் கட்டுரையில் உயிர் இருக்காது.

அதனால் இப்போதே எழுதி முடிக்கட்டும், ஆனால் சப்மிட் செய்ய வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கட்டணம் உண்டு. இடம் கிடைத்துவிட்டால் அத்தனையும் வீண் என்று அவள் நினைப்பது நியாயம்தான். எழுதி வைத்ததை அனுப்பாமல் விட்டால் காசு நஷ்டமில்லை. கவுன்சிலரிடம் கேட்க வேண்டியதை மட்டும் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். ராத்திரி போனைப் பிடுங்கி வைப்பதைவிட, கையில் ஒரு வேலை இருப்பது அவளுக்கு நல்லது.

இன்னொன்றை நாமும் புரிந்துகொள்ள வேண்டும். நம் காலத்தில் ஊரில் இன்ஜினியரிங் சேர, நுழைவுத்தேர்வையும் சேர்த்து 300-க்கு எவ்வளவு என்று கட்-ஆஃப் போட்டோம். போன வருடம் எந்தக் கல்லூரி எதில் முடிந்தது என்று பார்த்தால் நம் நிலைமை ஓரளவு தெரிந்துவிடும். அமெரிக்காவில் அப்படிக் கணக்குப் போட முடியாது. மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரை, பள்ளியின் பின்னணி, அந்த வருடம் அவர்களுக்கு எப்படிப்பட்ட மாணவர்கள் தேவை என்பதெல்லாம் சேரும். எர்லியில் சேர்க்கை விகிதம் ரெகுலரைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் கல்லூரி தன் விளையாட்டு அணிக்காக முன்பே பேசிவைத்த பிள்ளைகள், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகள் என்று பலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். யாரோ ஒரு பையன் எஸ்ஏடியில் 1600-க்கு 1550 வாங்கினான் என்பதிலிருந்து உங்கள் மகள் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. இதை அவளிடம் ஒருமுறை சொல்லுங்கள். ஒருமுறை போதும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நானே கேட்கிறேன். எர்லி டிசிஷன் என்றால் கட்டுப்பாடு. எர்லி ஆக்‌ஷன் என்ற கட்டுப்பாடில்லாத முன்கூட்டிய முறை மாதிரி கிடைத்தபின் மே 1 வரை யோசிக்க முடியாது. இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சேர்ந்தாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் மகளோடு பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நாலு கல்லூரி தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இதில் இல்லை. வசதியானவர்களுக்குச் சாதகமான முறை என்ற குற்றச்சாட்டு அங்கேயே உண்டு. அதனால்தான் 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011-ல் இரண்டும் கட்டுப்பாடில்லாத வகையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தன என்பது வேறு விஷயம். கல்லூரியின் இணையதளத்தில் உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது தோராயமாக எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே கணவரும் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். தரும் உதவித்தொகை உண்மையிலேயே போதாது என்றால் விலக்குக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அவள் குதித்துக் கும்மாளமிட்ட மறுநாள் காலை "கட்ட முடியாதும்மா" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். தேதியையும் நேரத்தையும் பல்கலைக்கழகமே முன்கூட்டிச் சொல்லிவிடும், பெரும்பாலும் சாயங்காலம். போர்ட்டலில் நுழைந்து கடிதத்தைத் திறக்க வேண்டும். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் திறக்கிறேன் என்றால் சரி என்று சொல்லுங்கள். தோழி வீட்டில் என்றாலும் சரிதான். இந்த இடத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரிகிறது. பதினேழு வருடம் வளர்த்த பிள்ளையின் இந்த நிமிடத்தில் பக்கத்தில் இருக்க எந்த அம்மாவுக்கும் ஆசை வரும். ஆனால் நீங்கள் பின்னால் நின்றால், திரையைப் படிப்பதற்கு முன்பே உங்கள் முகம் என்னாகுமோ என்று அவள் பயப்பட ஆரம்பித்துவிடுவாள். வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள்! குடும்பமே துள்ளுகிற வீடியோக்களைப் பார்த்துப் பலருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. துள்ளாத வீடுகள் எதையும் போடுவதில்லை.

பதில் மூன்று விதமாக வரலாம். கிடைத்தால் கொண்டாடுங்கள். ஆனால் 12-ஆம் வகுப்பு மதிப்பெண்கள் கல்லூரிக்குப் போகும். மிக மோசமாகச் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கிடைக்காவிட்டால் அந்தக் கல்லூரி இந்த வருடத்துக்கு முடிந்தது. அன்று ராத்திரி "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு அழ விடுங்கள்.

நடுவில் இருக்கும் "டிஃபர்" தான் பலரைக் குழப்புகிறது. விண்ணப்பத்தை ரெகுலர் கூட்டத்தோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்கள், பதில் மார்ச் கடைசிவாக்கில் வரும். அப்போது அந்தக் கட்டுப்பாடு விலகிவிடுகிறது. விரும்பினால் வேறொரு கல்லூரிக்கு ஜனவரியில் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷன் போடலாம், பதில் பிப்ரவரியில். இன்னும் விருப்பமாக இருக்கிறேன் என்று கடிதம் எழுதச் சில கல்லூரிகள் சொல்லும், சில எதையும் அனுப்பாதே என்று சொல்லும். சொன்னதை அப்படியே செய்யட்டும். எழுதுவதாக இருந்தால் அவள் எழுதட்டும், அப்பா அல்ல.

சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் அவளுடைய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். "இது இல்லாட்டி நான் எதுக்கு" என்கிற மாதிரிப் பேச்சு எப்போதாவது வந்தால் அதைச் செல்லக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு, மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

மாமியாரிடம் சரியான தேதியைச் சொல்லவே வேண்டாம். "வந்ததும் அவளே உங்களுக்குப் போன் பண்ணுவா அத்தை" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். பாட்டிக்கு எப்போது சொல்வது என்பதையும் அவளிடமே விட்டுவிடுங்கள், நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை.