சிங்கப்பூர் கட்டுமான வேலையில் அடிபட்டுவிட்டது. கம்பெனி பர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது. சட்டப்படி என்ன செய்யலாம்?

இப்போதைக்கு விமானம் ஏறாதீர்கள். பர்மிட் ரத்தானாலும் நஷ்டஈடு கேட்கும் உரிமை ரத்தாவதில்லை.

கம்பிக் கட்டு சரிந்து என் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. கையில் போட்ட மருந்துக்கட்டைப் பிரிக்கும் முன்பே அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் விமான டிக்கெட், பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாள். "சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார் கணக்கர். கம்பெனியிடமிருந்து எனக்கு இனி எதுவும் வரவேண்டியதில்லை என்று கடைசி வரியில் இருந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் (2019) தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. வேலையின்போது அடிபட்டதா என்றுதான் பார்க்கும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். டாக்டர் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்திருந்தாலும், லைட் டூட்டி (இலகுவான வேலை) கொடுத்திருந்தாலும் கம்பெனி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் நீங்களே அமைச்சிடம் பதியலாம். விவகாரம் முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அனுமதி இல்லாமல் அதை வைத்து வேலைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

எம்சி சம்பளத்தில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். 14 நாள் வரை (மருத்துவமனையில் சேர்த்திருந்தால் 60 நாள்) முழுச் சம்பளம். அதன்பின் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. ஓவர்டைமையும் சேர்த்த சராசரிச் சம்பளம் அது. எனக்கு பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்த பிறகே மீதி வந்தது.

பெரிய தொகை நிரந்தரக் குறைபாட்டுக்கானது. சிகிச்சை முடிந்து டாக்டர் இத்தனை சதவீதம் என்று எழுதுவார்; அதோடு சராசரிச் சம்பளத்தையும் வயதுக்கு ஏற்ற எண்ணையும் பெருக்குவார்கள். அதற்கு முன் உங்களை ஊருக்கு அனுப்ப ஏன் அவசரப்படுகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

வேலையிலிருந்து நீக்கியதே தவறு என்று டி.ஏ.டி.எம்.மில் (வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் அமைப்பு) முறையிடலாம், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதம்தான் கெடு. ஆனால் முறையாக நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியிருந்தால் அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க முடிந்தால் மூன்றாண்டுக்குள் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம், இழப்பீட்டுச் சட்டம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதால், கையெழுத்திடும் முன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தோளில் கைபோட்டு "நல்ல வக்கீல் இருக்கிறார்" என்பவரிடம் அல்ல. அவருக்குக் கமிஷன் இருக்கும். டி.டபிள்யூ.சி.டூ என்ற தொண்டு அமைப்பு இலவசமாகவே வழி சொல்லும்.

அறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லும்படி சூப்பர்வைசர் கேட்பார். நடந்ததைச் சொல்லுங்கள், மருத்துவக் குறிப்பில் முதலில் பதிவாவதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எம்சி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.